திணித்த காற்றின் சூடு

கச்சிராயபாளையம் தாண்டி கோமுகி அணைப் பக்கமாகக் கல்வராயன் மலையிலுள்ள வெள்ளிமலைக்கு ஏறும் சாலை, ஒரு கார் இன்ஜினின் உண்மையான பலத்தைக் காட்டிவிடும். ஆக்ஸிலரேட்டர் அமுங்கியே இருக்கும், வேகமோ ஏறாது. கொண்டை ஊசி வளைவில் கியரை இறக்கி, திரும்பியதும் மறுபடி இழுக்க வேண்டும். "ஒரு டர்போ போட்டால் என்ன?" என்ற ஆசை பலருக்குப் பிறப்பது இப்படிப்பட்ட ஏற்றத்தில்தான். நியாயமான ஆசை. ஆனால் டர்போவை மாட்டுவது எளிது, அதோடு சேர்ந்து வரும் சூட்டைச் சமாளிப்பதுதான் வேலை.

2000ஆம் ஆண்டையொட்டி வந்த ஹோண்டா சிட்டி 1.5 விடெக்கை எடுத்துக்கொள்வோம். இன்றும் அதைத் தேடி வாங்குகிறவர்கள் உண்டு. டர்போ இல்லாமலே 106 குதிரைத்திறன். இதுபோன்ற இன்ஜினில் பிஸ்டன் கீழே இறங்கும்போது சிலிண்டருக்குள் காற்று வருவது வெளியிலுள்ள காற்றழுத்தத்தால் மட்டுமே. ஒரு கிராம் பெட்ரோல் முழுதாக எரிய ஏறக்குறைய 14.7 கிராம் காற்று வேண்டும். ஆகவே எவ்வளவு காற்று உள்ளே போகிறதோ அவ்வளவுதான் சக்தி. கல்வராயனின் ஒரு பகுதியான சின்னக் கல்வராயன் சுமார் 2700 அடி உயரம். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிடப் பத்தில் ஒரு பங்கு குறைவு. ஏற்றத்தில் இன்ஜின் சோர்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

கொல்லன் உலைக்குத் துருத்தி செய்வதை இன்ஜினுக்குச் செய்ய இரண்டு கருவிகள் உண்டு. சூப்பர்சார்ஜர் இன்ஜினிலிருந்தே பெல்ட் வழியாகச் சுழன்று காற்றைத் தள்ளும். டர்போ, சைலன்சர் வழியே வீணாகப் போகும் புகையின் விசையில் சுழலும். அதன் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் ஓடும். புகையால் காற்றை அமுக்கும் யோசனைக்கு சுவிட்சர்லாந்து பொறியாளர் ஆல்ஃபிரட் பியூஹி 1905லேயே காப்புரிமை பெற்றுவிட்டார். கல்வராயன் போன்ற மலைக்கு சூப்பர்சார்ஜரே பொருத்தம் என்பது என் கருத்து. வளைவில் இன்ஜின் சுற்று விழுந்துவிட்டால் டர்போவைச் சுழற்றப் போதிய புகை வராது; மிதித்துக் காத்திருக்க வேண்டும். பெல்ட்டில் ஓடுவதற்கு அந்தக் காத்திருப்பு இல்லை.

இனி சூட்டுக்கு வருவோம். கள்ளக்குறிச்சியின் கோடை வெயிலில் 40 டிகிரியில் உள்ளே வரும் காற்றை ஒன்றரை மடங்கு அழுத்தத்துக்கு அமுக்கினால், சாதாரணத் திறனுள்ள ஒரு டர்போவிலிருந்து அது ஏறக்குறைய 95 டிகிரியில் வெளியே வரும். சூடான காற்று விரிந்துவிடும். அதனால் அழுத்தம் 50 சதவீதம் கூடினாலும், உள்ளே போகும் காற்றின் அளவு 28 சதவீதம்தான் கூடும். இடையில் ஒரு இன்டர்கூலர் வைத்து 55 டிகிரிக்கு இறக்கினால் அது 43 சதவீதமாகும். ஆனால் இன்டர்கூலர் குளிர்வது எதிர்க்காற்றில். நெடுஞ்சாலையில் அது தாராளமாகக் கிடைக்கும். இருபது கிலோமீட்டர் வேகத்தில், முழு மிதியில், மலையேறும்போது கிடைக்காது. சூடு அதிகமாகப் பிறக்கும் இடத்தில்தான் காற்று குறைவாக இருக்கிறது!

சூடேறிய கலவை, ஸ்பார்க் பிளக்கின் சுடர் வந்து சேருமுன் ஒரு மூலையில் தானாக வெடித்தால், அதுவே நாக்கிங். உலோகத்தைத் தட்டுவது போன்ற அந்தச் சத்தத்தை அலட்சியம் செய்தால் பிஸ்டன் உடையும், ஹெட் கேஸ்கெட் போகும். டர்போ இல்லாத வேகக் கார்கள் இதற்கு எளிதில் இரையாகும். அவற்றின் அமுக்க விகிதம் பத்து, பதினொன்று என ஏற்கெனவே உயர்ந்தது. அவற்றின் கேம்ஷாஃப்ட், உள்வால்வும் வெளிவால்வும் சற்று நேரம் சேர்ந்து திறந்திருக்கும்படி வடிக்கப்பட்டிருக்கும்; தள்ளிவிடும் காற்றில் ஒரு பகுதி அந்த இடைவெளியில் நேராக வெளியே ஓடிவிடும்.

1962இல் அமெரிக்காவின் ஓல்ட்ஸ்மொபீல், ஜெட்ஃபயர் காரில் இப்படிப்பட்ட இன்ஜினுக்கே டர்போ மாட்டிப் பார்த்தது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த 3.5 லிட்டர் வி8 இன்ஜினில், 10.25 என்ற அமுக்க விகிதத்தைக் குறைக்காமலே, டர்போவைச் சேர்த்தார்கள். 215 குதிரைத்திறன் கிடைத்தது. நாக்கிங்கை அடக்கத் தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தை இன்ஜினுக்குள் தெளித்தார்கள். ஓட்டுநர்தான் அந்தத் தொட்டியை நிரப்பி வைத்திருக்க வேண்டும். பலர் நிரப்பவில்லை. பிறகு பல கார்களில் டர்போவைக் கழற்றிவிட்டுச் சாதாரண கார்புரேட்டரை மாட்டித் தந்தது அந்த நிறுவனம். புத்திசாலித்தனமான பொறியியல், அன்றாடப் பராமரிப்பில் தோற்றது.

ஆகவே இந்த மாற்றத்தைச் செய்கிறவர் முதலில் தொட வேண்டியது டர்போவை அல்ல. கூடுதல் காற்றுக்கேற்ற பெட்ரோலைத் தரும் இன்ஜெக்டரும் பம்ப்பும் வேண்டும். நாக்கிங் வராதபடி பொறி நேரத்தைத் தாமதப்படுத்த இன்ஜினின் கணினியான இசியூவைத் திருத்த வேண்டும். அழுத்தம் அளவு மீறாமல் புகையைத் திருப்பிவிடும் வேஸ்ட்கேட் வேண்டும். சாதாரண பிஸ்டனோடு என்றால் கூடுதல் அழுத்தம் 0.3, 0.4 பாரைத் தாண்டாமல் இருப்பதே நல்லது. அதற்கு மேல் ஆசைப்பட்டால் ஃபோர்ஜ் செய்த பிஸ்டன், குறைந்த அமுக்க விகிதம், கிளட்ச், பிரேக் எல்லாமே மாற வேண்டும். 91 ஆக்டேன் பெட்ரோல் போதாது, 95 வேண்டும். டர்போவின் தண்டு எண்ணெய்ப் படலத்தில் மிதந்து சுழல்வதால், ஏற்றம் முடிந்ததும் இன்ஜினை உடனே அணைத்துவிடக் கூடாது. ஓரிரு நிமிடம் ஐட்லிங்கில் விட வேண்டும். இல்லையென்றால் நின்றுபோன எண்ணெய் அந்தச் சூட்டில் கருகிப் படியும்.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது. உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை உறுதிப்படுத்தியது. பொதுச்சாலையில் ஓட்ட விரும்புகிறவர்களுக்கு, தொழிற்சாலையிலேயே டர்போவோடு வரும் கார் போதும். 2017இல் மாருதி தந்த பலேனோ ஆர்எஸ், வெறும் 998 சிசியில் 101 குதிரைத்திறன் கொடுத்தது. அந்தப் பழைய சிட்டியின் 1500 சிசி கொடுத்ததில் ஏறக்குறைய அவ்வளவும். தானே கட்டித்தான் ஆகவேண்டும் என்று கைதுறுதுறுப்பவர்கள், பந்தயக் களத்துக்கென்றே ஒரு வண்டியை ஒதுக்கி, இருங்காட்டுக்கோட்டை ஓடுபாதை போன்ற இடத்தில் ஓட்டட்டும்.