பாலத்துக்கும் ஒரு குடை

திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி செல்லும் நெடுஞ்சாலையை விட்டுச் சற்றே விலகினால் இரும்பை மாகாளேசுவரர் ஆலயத்தை அடையலாம். திருஞானசம்பந்தர் பாடிய ஸ்தலம். கடுவெளிச் சித்தரின் சாபத்தால் மூன்றாகப் பிளந்ததாகச் சொல்லப்படும் லிங்கத்தைச் செப்புத் தகட்டால் பிணைத்து இன்றும் பூஜித்து வருகிறார்கள். பிளந்ததென்று தள்ளாமல் பிணைத்துக் காத்த முன்னோரின் சிரத்தையை வியந்தபடி மீண்டும் நெடுஞ்சாலையை அடைந்த நமக்கு, அச்சிரத்தை நம் பாலங்களுக்கும் கிட்டலாகாதா என்ற எண்ணம் உண்டாயிற்று.

கான்கிரீட் பாலத்தின் பகைவன் யார்? பாரம் ஏற்றிய லாரி என்றே பலரும் நினைக்கிறார்கள். அதைவிடப் பொல்லாத பகைவன் தளத்தில் தேங்கும் ஜலம். உள்ளிருக்கும் இரும்புக் கம்பியைச் சிமெண்டின் காரத்தன்மை துரு ஏறாமல் காக்கிறது. மழை ஜலமும் கடற்காற்றின் உப்பும் வெடிப்புகளின் வழியே இறங்கினால் அந்தக் காவல் அழிகிறது. துரு, தான் தின்ற இரும்பைப்போல் இரு மடங்குக்கு மேல் பருத்து, கான்கிரீட்டைப் பெயர்த்துத் தள்ளுகிறது. கோவாவில் மாண்டவி நதிப் பாலம் கட்டி இருபது ஆண்டுகூட நிறையாமல் 1986 ஜூலை 5-ந் தேதி இடிந்து விழுந்தது. உள்ளே இழுத்துக் கட்டிய எஃகுக் கம்பிகள் அரிக்கப்பட்டதே காரணம்.

நம் வீட்டு மொட்டை மாடிக்குச் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் இட்டு, தட்டோடு பதித்து, ஜலம் வடிய வாட்டமும் விடுகிறோம் அல்லவா? பாலத்துக்கும் அதுவே நியாயம். தார்ச்சாலை மட்டும் ஜலத்தைத் தடுக்காது. அதன் அடியில், கான்கிரீட்டின்மேல் இடைவெளியின்றி ஒட்டிய நீர்காப்பு விரிப்பே பாலத்தின் குடை.

நோய் முற்றிய பாலத்துக்கும் சிகிச்சை உண்டு. சுத்தியலால் தட்டினால் நல்ல கான்கிரீட் கணீரென்னும்; கெட்டது பொத்தென்று ஒலிக்கும். கெட்டதைக் கம்பியின் பின்புறம் வரை வெட்டியெடுத்து, மணலைப் பீச்சித் துருவை நீக்கி, மெலிந்த கம்பிக்குத் துணைக்கம்பி சேர்த்து, புதுக் கான்கிரீட் இட்டு, ஈரம் உலராமல் பதப்படுத்த வேண்டும். அதன் பின்னரே விரிப்பும் தாரும். இவ்வளவையும் விட்டுப் பழைய தார்மேல் புதுத் தார் போடுவது புண்ணுக்குப் புனுகு பூசுவதாகும். ஐந்து சென்டிமீட்டர் கனத்துக்குச் சதுர மீட்டருக்கு நூறு கிலோவுக்குமேல் வீண் பாரமும் ஏறும்.

இந்த வித்தைக்கு அந்நிய நாட்டை நாட வேண்டியதில்லை. வள்ளல் அழகப்பச் செட்டியார் நிலமும் பொருளும் வழங்க, 1948 ஜூலையில் நேரு அடிக்கல் நாட்டிய காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், கான்கிரீட் கம்பிகளுக்குத் துருத்தடுப்புப் பூச்சு கண்டிருக்கிறது. குறைவது சிரத்தைதான்.

பாலம் திறக்க மாலையும் மேளமும் உண்டு. அடைத்த வடிகுழாயைத் திறக்க விழா ஏது? ஆயினும் ஐப்பசி பிறக்குமுன் அதிலுள்ள மண்ணை வாரியெறிவதே பாலத்துக்கு முதல் வைத்தியம். நம் குழந்தைகள் ஏறிச் செல்லும் பஸ் அதன்மேல்தான் போகிறது.