பழைய கம்பெனியிலிருந்து லாயர் கடிதமா? பதில் எழுதும் முன் இதைப் படியுங்கள்

வேலையை விட்டு மூன்று வாரம்தான் ஆகிறது. புது ஆபீஸ் இப்போதுதான் பழகுகிறது. அதற்குள் ஜொகூர் பாரு வீட்டு முகவரிக்கு ஒரு பதிவுத் தபால், பழைய கம்பெனியின் லாயரிடமிருந்து. '12 மாதங்களுக்கு ஜொகூரில் எந்தப் போட்டி நிறுவனத்திலும் சேரமாட்டேன் என்று ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருக்கிறீர்கள். 7 நாளில் விலகாவிட்டால் வழக்கு.'

பயமாகத்தான் இருக்கும். ஆனால் இது நீதிமன்ற உத்தரவு இல்லை, கோரிக்கைக் கடிதம். அந்த 7 நாள் கெடுவை வைத்தவர் அந்த லாயர்தான், நீதிபதி இல்லை. கெடு முடிந்த மறுநாளே போலீஸ் வந்து நிற்காது. அதற்காகக் குப்பையில் போட்டுடாதீங்க.

மலேசியச் சட்டம் இந்த விஷயத்தில் ஊழியர் பக்கம் கொஞ்சம் அழுத்தமாகவே நிற்கிறது. 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 28ஆவது பிரிவு என்ன சொல்கிறது என்றால், சட்டப்படியான ஒரு தொழிலைச் செய்யவிடாமல் ஒருவரைத் தடுக்கும் ஒப்பந்தம், அந்த அளவுக்குச் செல்லாது. வியாபாரத்தையே நற்பெயரோடு விற்றவர், கூட்டுத்தொழில் பங்காளிகள் போன்ற சிலருக்குத்தான் விதிவிலக்கு. மாதச் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர் அந்தப் பட்டியலில் இல்லை.

'ரெண்டு வருஷம்தானே, சின்ன ஏரியாதானே' என்ற வாதமும் இங்கே எடுபடாது. 1964இல் வந்த ஒரு வழக்கில், கோத்தா பாருவிலிருந்து 5 மைல் சுற்றளவில் 2 ஆண்டுகள் தொழில் செய்யக்கூடாது என்று ஒரு வழக்கறிஞருக்கே தடை போட்டிருந்தார்கள். அதுவும் செல்லாது என்றது நீதிமன்றம். இந்தப் பிரிவுக்கு மூலம் 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம். அங்கே 1876லேயே மெட்ராஸ் உயர் நீதிமன்றத்துக்கு இப்படி ஒரு வழக்கு போனது. வேலையை விட்டபின் மெட்ராஸிலிருந்து 800 மைலுக்குள் அதே தொழிலைச் செய்யக்கூடாதாம்! அதுவும் நிற்கவில்லை.

இதே ஜொகூர் பாருவில் 1981இல் உருவான ராக் குழு 'சேர்ச்'. அவர்களுக்கும் பாலிகிராம் நிறுவனத்துக்கும் நடந்த வழக்கில், 1994இல் நீதிபதி விசு சின்னதுரை ஒரு முக்கியமான கோடு போட்டார். 28ஆவது பிரிவு ஒப்பந்தம் முடிந்த பிறகு வரும் தடைகளைப் பற்றியது, ஒப்பந்தம் நடக்கும்போது உள்ள கட்டுப்பாடுகளைப் பற்றியது அல்ல. அதாவது, நோட்டீஸ் காலம் ஓடும்போதே போட்டி கம்பெனிக்கு வேலை செய்திருந்தால், இந்தப் பிரிவு உங்களுக்குக் கைகொடுக்காது.

உண்மையான ஆபத்து எங்கே?

எங்கே வேலை செய்கிறீர்கள் என்பதை விட, எதைக் கையோடு எடுத்துக்கொண்டு வந்தீர்கள் என்பதுதான் ஆபத்து. 1997இல் ஷ்மிட் சயின்டிஃபிக் வழக்கில், வாடிக்கையாளர், விலை போன்ற விவரங்களை ரகசியத் தகவலாக ஏற்று, முன்னாள் ஊழியர்களுக்கு எதிராக உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 28ஆவது பிரிவு அவர்களைக் காப்பாற்றவில்லை.

கடைசி வாரத்தில் கஸ்டமர் லிஸ்டை உங்கள் ஜிமெயிலுக்கு அனுப்பி வைத்தீர்களா? கொட்டேஷன் கோப்புகள் பென்டிரைவில் இருக்கின்றனவா? இருந்தால் பயன்படுத்தாதீர்கள். அவசரப்பட்டு அழிக்கவும் வேண்டாம். ஆதாரத்தை அழித்தார் என்று அதுவே உங்களுக்கு எதிராகத் திரும்பும். லாயரிடம் உள்ளதைச் சொல்லி, முறையாகத் திருப்பிக் கொடுப்பதே நல்லது. பழைய கஸ்டமர்களைத் தேடிப் போய் இழுக்கக்கூடாது என்ற விதியை நீதிமன்றங்கள் எப்போதும் ஒரே மாதிரி பார்ப்பதில்லை. அதில் கவனம். பயிற்சிச் செலவுக்கான பாண்ட் இருந்தால், அதுவும் தனிக் கணக்கு.

ஜொகூர்காரர்கள் கட்டாயம் பார்க்க வேண்டியது இன்னொன்று. தினமும் பாலம் கடந்து வேலைக்குப் போனவரா நீங்கள்? அப்படியானால் உங்கள் ஒப்பந்தம் சிங்கப்பூர்ச் சட்டத்துக்கு உட்பட்டிருக்கலாம். அங்கே 28ஆவது பிரிவு கிடையாது. நிறுவனத்துக்குப் பாதுகாக்க வேண்டிய நியாயமான நலன் இருக்கிறதா, காலமும் பரப்பும் நியாயமா என்று பார்ப்பார்கள். அதற்காக நிறுவனமே எப்போதும் ஜெயிக்கும் என்றில்லை. பைட்டான்ஸில் சேர்ந்த முன்னாள் ஊழியரைத் தடுக்க ஷோப்பி கேட்ட இடைக்காலத் தடையை 2024இல் சிங்கப்பூர் உயர் நீதிமன்றம் மறுத்தது. எதற்கும் ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கங்களில் எந்த நாட்டுச் சட்டம் என்று எழுதியிருக்கிறது எனப் பாருங்கள்.

பதிலில் என்ன எழுதுவது?

எச்ஆருக்கு போன் போட்டுச் சண்டை பிடிக்காதீர்கள். வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜ் வேண்டவே வேண்டாம். கடிதத்தோடு ஓர் உறுதிமொழிப் படிவம் இணைத்திருப்பார்கள். 'சைன் பண்ணிட்டா முடிஞ்சிடும்' என்று தோன்றும். அதில் தவறை ஒப்புக்கொள்ளும் ஒரு வரி ஒளிந்திருக்கலாம். லாயர் பார்க்காமல் கையெழுத்து போடாதீர்கள்.

பதில் சுருக்கமாக இருக்கட்டும். கடிதம் கிடைத்தது, போட்டித் தடை 28ஆவது பிரிவின்படி செல்லாது, ரகசியத் தகவல் எதையும் பயன்படுத்தவில்லை (உண்மையாக இருந்தால் மட்டும்), எந்தத் தகவலை, எப்போது பயன்படுத்தியதாகச் சொல்கிறீர்கள் என்று விவரம் கொடுங்கள், என் உரிமைகளை நான் விட்டுக்கொடுக்கவில்லை. அவ்வளவுதான். பலமுறை அந்த விவரக் கேள்விக்கு எதிர்த்தரப்பிடம் பதில் இருக்காது.

புது முதலாளியிடம் நீங்களே முந்திச் சொல்லிவிடுங்கள். அவருக்கும் ஒரு பிரதி போயிருக்க வாய்ப்புண்டு. லாயர் செலவு கையைக் கடித்தால், ஜொகூர் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தில் விசாரித்துப் பார்க்கலாம். கடைசிச் சம்பளத்தைப் பிடித்து வைத்திருந்தால், அந்தப் புகாருக்குத் தொழிலாளர் இலாகா இருக்கிறது.

கடிதம் இல்லாமல் நீதிமன்ற முத்திரையோடு ரிட் சம்மன் வந்தால் கதை வேறு. தீபகற்ப மலேசியாவில் அது உங்களிடம் சேர்க்கப்பட்டதிலிருந்து 14 நாளுக்குள் ஆஜராகும் நோட்டீஸைத் தாக்கல் செய்ய வேண்டும். தவறினால், உங்கள் பக்கத்தைக் கேட்காமலே தீர்ப்பு வந்துவிடலாம், 28ஆவது பிரிவு எவ்வளவு பலமாக இருந்தாலும் சரி. அதனால் சம்மன் கைக்கு வந்த தேதியை அன்றைக்கே குறித்து வையுங்கள். தபாலில் வந்தால் உறையையும் தூக்கிப் போடாதீர்கள்.