தொடங்க மறுக்கும் நீரிறைக்கும் இயந்திரம்

தெல்லிப்பழைச் செம்மண்ணில் வெங்காயமும் மிளகாயும் கிணற்று நீரை நம்பியே வளர்வன. இறைப்பு நாளில் இயந்திரம் தொடங்காவிடின் பயிர் வாடும். பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெயில் ஓடும் இயந்திரத்தில் இதற்குப் பெருங்காரணம், முன்னர் அதனை மண்ணெண்ணெயிலேயே நிறுத்தியமையாகும். குளிர்ந்த மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது; ஆதலின் தீப்பற்றாது.

கமக்காரர் செய்யவேண்டியவை:

1. காபரேற்றர்க் கிண்ணத்திலுள்ள மண்ணெண்ணெயை வடித்துவிட்டுப் பெற்றோலைத் திறக்குக.

2. பிளக்கைக் கழற்றிப் பார்க்குக. நனைந்திருப்பின் துடைத்து உலர்த்துக. கரி படிந்திருப்பின் அகற்றுக. பலமுறை சுழற்றியபின்னும் உலர்ந்திருப்பின் பெற்றோல் வந்து சேரவில்லை. ஜெற் துவாரத்தை ஊதித் துப்புரவாக்குக. கம்பியாற் குத்தற்க.

3. சிந்திய பெற்றோல் உலர்ந்தபின், சோக்கை மூடித் தொடக்குக; ஓடத் தொடங்கியதும் சிறிது சிறிதாகத் திறக்குக. நன்கு சூடேறியபின்னரே மண்ணெண்ணெய்க்கு மாற்றுக.

இறைப்பு முடியுமுன் மண்ணெண்ணெயை அடைத்து, சில நிமிடம் பெற்றோலில் ஓடவிட்டு நிறுத்துக. மறுமுறை இயந்திரம் இலகுவில் தொடங்கும்.