நோய் செல்லும் பாதை

கொள்ளை நோய் மைல்கல்லைப் பார்த்துப் பரவுவதில்லை. மனிதர் நடமாடும் பாதையைப் பற்றியே பரவுகிறது. 2020-ம் வருஷம் தமிழ்நாடு இதைக் கண்கூடாகக் கண்டது. சென்னைக் கோயம்பேடு மார்க்கெட்டில் கொரோனா புகுந்தது. மே மாத முதல் வாரத்தில் மார்க்கெட் மூடப்பட்டது. அதற்குள் தொழிலாளிகள் பலர் சொந்த ஊர் திரும்பிவிட்டனர். கடலூர், விழுப்புரம், அரியலூர் ஜில்லாக்களில் நோய் திடீரெனப் பெருகிற்று. அது ஊர் ஊராக ஊர்ந்து செல்லவில்லை, லாரியேறிச் சென்றது.

இப்போக்கைக் கணிதத்தால் அளக்கலாம். அந்த சாஸ்திரத்துக்கும் நம் தேசத்துக்கும் பழைய உறவுண்டு. இந்தியாவில் வைத்திய உத்தியோகம் பார்த்த மக்கென்டிரிக், கெர்மாக் என்பவருடன் சேர்ந்து, 1927-ல் தொற்று நோய்ச் சமன்பாடுகளை வெளியிட்டார். பம்பாயில் 1905-06-ல் பிளேக்குக்கு இரையானோரின் தொகையே அவற்றுக்கு உரைகல்லாயிற்று. நம்மவர் உயிரிழந்து தந்த அறிவு நம்மவருக்குப் பயன்பட வேண்டாமா?

அச்சமன்பாடுகள் ஜனங்கள் யாவரும் ஒரே இடத்தில் கலந்து பழகுவதாகப் பாவித்தன. பின்வந்த நிபுணர்கள் ஊர்களைத் தனித்தனியே பிரித்து, அவற்றிடையே போவோர் வருவோரின் தொகையையும் கணக்கில் சேர்த்தனர். ஊர் பெரிதாயின் போக்குவரத்து மிகும். தூரம் அதிகமாயின் குறையும். எந்த ஊருக்கு நோய் முந்திச் செல்லும் என்பதை இதைக் கொண்டு ஒருவாறு ஊகிக்கலாம்.

சிவகாசியை எடுத்துக் கொள்வோம். சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரக் கிராமங்களிலிருந்து தினந்தோறும் தொழிலாளிகள் வண்டியேறிப் பட்டாசு ஆலைகளுக்கு வருகின்றனர், மாலையில் திரும்புகின்றனர். ஒரே வண்டியில் வரும் இரு கிராமங்கள், தூரத்தில் விலகியிருந்தாலும் நோய்க்கு அண்டை வீடுகளே. இப்பாதைகளை அறியாத அதிகாரி ஜில்லா முழுவதையும் அடைப்பார். அறிந்தவர் வேண்டிய வழியை மட்டும் அடைத்து, மற்றவர் கூலியைக் காப்பார். தினக்கூலி நின்றால் அன்றே அடுப்பு அணையும் வீடுகள் இங்கு எத்தனை!

கணிதம் ஜோசியமன்று. பொய்க் கணக்கை இட்டால் பொய் விடையே வரும். ஆகவே எந்தக் கிராமத்திலிருந்து எத்தனை பேர் எங்கு வேலைக்குச் செல்கின்றனர் என்ற கணக்கை, பெயர் குறிக்காமல், பஞ்சாயத்துகள் மூலம் சர்க்கார் இப்போதே சேகரிக்க வேண்டும். வீடு பற்றியெரியும்போது கிணறு வெட்டுவதில் பயனில்லை. ஊழியர்கள் இதை ஊர்தோறும் எடுத்துரைப்பார்களாக!