தோன்றலும் மறைதலும்

இணையப் பக்கத்தில் ஒரு பொத்தானை அழுத்தப் பட்டியலொன்று மெல்ல விரிகின்றது. மீண்டும் அழுத்தச் சுருங்கி மறைகின்றது. காண்பார்க்கு இஃது எளிய செயலே. ஆக்குவார்க்கோ இதன்கண் ஓர் இடர்ப்பாடு உண்டு. அதனையே ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

பக்கத்தின் ஒவ்வோர் உறுப்பும் எவ்வாறு இடங்கொள்ளும் என்பதனை 'டிஸ்ப்ளே' என்னும் பண்பு விதிக்கின்றது. அதன் மதிப்பு 'பிளாக்' எனின் உறுப்பு தனித்து நிற்கும். 'இன்லைன்' எனின் எழுத்துகளோடு ஒழுகும். 'நன்' எனின் அதற்கு இடமே இல்லை. இருத்தற்கும் இல்லாமைக்கும் இடையே பாதிநிலை ஏது? ஆதலின் மதிப்பை 'நன்' ஆக்கிய அக்கணமே உறுப்பு ஒழியும்; மெல்ல மறையாது. 'ஒபாசிட்டி' என்னும் பண்பையோ 1 முதல் 0 வரை படிப்படியாகக் குறைக்கலாம். ஆயினும் அது 0 ஆன பின்னும் உறுப்பு தன் இடத்தை விட்டு அகலாது. கண்ணுக்குத் தெரியாத அழிப்புப் பொத்தானொன்று கைபட்டு வேலை செய்யவுங் கூடும்! திரையிலுள்ளதைப் படித்துக்காட்டும் கருவியைத் துணைக்கொள்ளும் பார்வையற்றோர்க்கு, மறைந்ததெனக் கருதப்பட்டது முழுதும் ஒலிக்கும். இது சிறு குறையன்று.

எனவே இரண்டனையும் முறைப்பட இணைத்தல் வேண்டும். காட்டுங்கால் டிஸ்ப்ளே முன், அசைவு பின். மறைக்குங்கால் அசைவு முன், டிஸ்ப்ளே பின். அரங்கில் விளக்கு அணைந்த பின்னரே நடிகர் வெளியேறுதல் போலும்.

2006-இல் ஜான் ரெசிக் வெளியிட்ட ஜேகுவெரி என்னும் நிரல்தொகுதி இம்முறையையே கையாண்டது. அதன் 'ஸ்லைடுஅப்' கட்டளை, வேறு காலம் குறியாவிடின், 0.4 விநாடியில் உறுப்பின் உயரத்தைக் குறைத்து, இறுதியில் டிஸ்ப்ளேயை 'நன்' ஆக்கும். பழைய மதிப்பை அது நினைவிற் கொள்ளுதலே நாம் பெரிதும் பாராட்டுவது. தாமே நிரல் எழுதுவோர் அட்டவணையின் வரிசையொன்றை மீளக் காட்டுங்கால், பழக்கத்தால் 'பிளாக்' என எழுதிவிடுவர். வரிசைக்குரியது 'டேபிள்-ரோ' அன்றோ? பிழைபட்ட வரிசை ஏனையவற்றின் பத்திகளோடு பொருந்தாது, முதற் பத்தியினுள் ஒடுங்கிக் கிடக்கும். தாம் எழுதிய மதிப்பை வெறுமையாக்கி விடுவாராயின், பாணித்தாள் விதித்ததே மீளும்.

மறைந்து முடியுமுன் மீண்டும் பொத்தானை அழுத்துவாரும் உளர். முன்னர்த் தொடங்கிய காலக்கணக்கை நீக்காவிடின், திறந்த பட்டியலை அது வந்து அழித்துவிடும்.

இப்பொழுது உலாவிகளே இவ்வேலையை மேற்கொண்டுள்ளன. 'டிரான்சிஷன்-பிஹேவியர்' என்னும் பண்பிற்கு 'அலவ்-டிஸ்கிரீட்' என்னும் மதிப்பைத் தரின், டிஸ்ப்ளே தக்க தருணத்தில் தானே மாறும். தோன்றும் உறுப்பு எந்நிலையினின்று தொடங்கும் என்பதனை 'ஸ்டார்ட்டிங்-ஸ்டைல்' என்னும் விதி கூறும். குரோம் 2023-இல் 117-ஆம் பதிப்பிலும், பயர்பாக்ஸ் 2024-இல் 129-ஆம் பதிப்பிலும் இவற்றை ஏற்றன.

அசைவு கண்டால் தலைசுற்றும் இயல்பினர், அசைவைக் குறைக்குமாறு தம் கணினியிற் குறித்திருப்பர். அவர்க்கு டிஸ்ப்ளேயை மட்டும் மாற்றினாற் போதும்.