காட்டோரத்து வீடும் இருவகைப் பார்வையாளரும்

பேய்ப்படம் ஒன்றைப் பற்றி இவ்விதழில் எழுதுவதா என்று சில நண்பர்கள் முகம் சுளிக்கக்கூடும். ஆனால் நான் இங்கு எடுத்துக்கொள்வது படத்தை மட்டுமல்ல, அதைப் பார்த்தவர்கள் இரண்டாகப் பிரிந்துபோன விதத்தையும்தான். தீவிர ரசனை, வெகுசன ரசனை என்று நாம் இலகுவாகக் கோடு கிழித்துவிடுகிறோம். அந்தக் கோடு எங்கே பிசகுகிறது என்பதற்கு இப்படம் நல்லதோர் உதாரணம்.

றொபேர்ட் எகர்ஸின் முதலாவது முழுநீளப் படம் 'த விற்ச்', அதாவது சூனியக்காரி. 2015 ஜனவரியில் சண்டான்ஸ் விழாவில் திரையிடப்பட்டு நெறியாள்கைக்கான விருதைப் பெற்றது. 2016 பெப்ரவரியில் அமெரிக்காவில் 2,000க்கு மேற்பட்ட திரையரங்குகளில் வெளியாயிற்று. விமர்சகர்களிற் பெரும்பான்மையோர் பாராட்டினர். முதல்நாள் பார்வையாளரின் தீர்ப்போ வேறாக இருந்தது. அங்கே சினிமாஸ்கோர் என்றொரு நிறுவனம், படம் வெளியாகும் இரவில் அரங்கை விட்டு வெளியேறுவோரிடம் அட்டை கொடுத்துப் புள்ளி கேட்கிறது. ஏ பிளஸ் தொடக்கம் எஃப் வரை தரங்கள். 'த விற்ச்' பெற்றது சி மைனஸ். பெரும்பாலான படங்களுக்குத் தாராளமாகப் புள்ளி விழுகின்ற அந்த முறையில் இது ஏறத்தாழச் சித்தியெய்தாமைதான். எனினும் சுமார் 40 இலட்சம் டொலர் செலவில் எடுக்கப்பட்ட இப்படம் உலகளவில் சுமார் 4 கோடி டொலரை வசூலித்தது. ஆகவே, 'சனங்கள் நிராகரித்தார்கள்' என்று சொல்லிவிடவும் முடியாது.

கதை 1630களின் நியூ இங்கிலாந்தில் நிகழ்கிறது. வில்லியம் என்ற கடும் பியூரிட்டன், மதப் பிணக்கொன்றினால் குடியேற்றத்திலிருந்து குடும்பத்தோடு வெளியேற்றப்படுகிறான். காட்டோரத்தில் வீடு கட்டிச் சோளம் பயிரிடுகிறார்கள். பயிர் பூஞ்சணம் பிடித்துப் போகிறது. மூத்தவள் தோமசின் கைக்குழந்தையோடு கண்பொத்தி விளையாடுகிறாள். கண்ணைத் திறந்தால் குழந்தையைக் காணவில்லை.

இது படத்தின் முதற் பத்து நிமிடங்களுக்குள் நடந்துவிடுகிறது. அடுத்து, காட்டுக்குள் இருக்கும் கிழவி குழந்தையை என்ன செய்தாள் என்பதையும் நமக்குக் காட்டிவிடுகிறார்கள். 'ஒன்றுமே நடக்காத படம்' என்ற குற்றச்சாட்டு ஆகவே பொருந்தாது. வழமையான திகிற்படம் பயத்தை ஏற்றி ஏற்றி, திடீரென்று ஒரு சத்தத்தோடு இறக்கிவைக்கும். நாம் துள்ளுவோம், பிறகு சிரிப்போம். அந்தச் சிரிப்பில் உடம்பு இளகிவிடும். எகர்ஸ் இந்த இறக்கத்தைத் தருவதில்லை. சம்பவம் உண்டு, விடுதலை இல்லை. மெல்ல எரியும் படம் என்பதன் பொருள் இதுதான்.

இதற்கான வேலைப்பாடுகளும் கவனிக்கத்தக்கவை. ஒன்ராறியோவின் கியோஸ்க் என்ற ஒதுக்கிடத்தில் பண்ணை வீட்டைக் கட்டினார்கள். ஒளிப்பதிவாளர் ஜாறின் பிளாஷ்கே பெரும்பாலும் இயற்கை வெளிச்சத்தையும் மெழுகுதிரி வெளிச்சத்தையுமே நம்பினார். அகலத்திரைக்குப் பதில் 1.66:1 என்ற உயரம் கூடிய சட்டகத்தைக் கையாண்டதால் மரங்கள் மனிதர் தலைக்கு மேல் எழுந்து நிற்கின்றன. மார்க் கோர்வனின் இசையில் சுவீடனின் பழைய நரம்பு வாத்தியமான நிக்கல்ஹார்பா கரகரக்கிறது. உரையாடல்களிற் பெரும்பகுதி அக்காலத்து நாட்குறிப்புகள், நீதிமன்றப் பதிவுகள் முதலியவற்றிலிருந்து எடுக்கப்பட்டதென்று படத்தின் முடிவில் அறிவிக்கிறார்கள். 'பேசுவது விளங்கவில்லை' என்று பலர் எரிச்சற்பட்டதற்கும் அதுவே காரணம்.

ஒருகாலத்தில் நாடகமும் அரங்கியலும் கற்பித்த நான் இப்போது பொதிசெய்யும் பகுதியில் நிற்கிறேன். அங்கு இப்படத்தைப் பார்த்த இருவர் இருந்தனர். ஒருவன் இளைஞன். "ஒன்றரை மணித்தியாலம் ஆட்டைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்" என்றான். அவனை ரசனையற்றவன் என்று தள்ள நான் தயாரில்லை. இரவு வேலை முடித்து நுழைவுச்சீட்டுக்குக் காசு கொடுத்தவன், விளம்பரம் வாக்களித்த பயத்தைக் கேட்கிறான். விளம்பரத் துண்டு அவனுக்கு வேறொரு படத்தையல்லவா விற்றது? முதல்நாளிரவில் புள்ளி போடுகிறவர்களும் அவனைப் போன்றவர்களே. அவர்கள் அளப்பது படத்தின் தரத்தையல்ல, வாக்குறுதிக்கும் கையில் கிடைத்ததற்கும் இடையிலுள்ள தூரத்தை. 2018இல் வெளியான 'ஹெரெடிற்றரி' டி பிளஸ் பெற்றதையும் நான் இவ்விதமே விளங்கிக்கொள்கிறேன்.

மற்றவர் ஒரு தாய், ஐம்பது கடந்தவர், எங்கோ ஒரு மலைக்கிராமத்துக்காரி. அவரைப் பயப்படுத்தியது சூனியக்காரியல்ல, வெள்ளிக் கிண்ணம். மனைவி கதரினின் தகப்பன் வழிவந்த கிண்ணத்தை வில்லியம் இரகசியமாக விற்றுவிடுகிறான். பழி தோமசின் மேல் விழுகிறது. தகப்பன் பக்கத்தில் இருந்துகொண்டு வாய் திறக்கவில்லை. "அந்த மனிசன் பேசாமல் இருந்தானே" என்று அவர் இரண்டு நாள் சொல்லிக்கொண்டிருந்தார். இதைவிடக் கூர்மையான விமர்சனத்தை நான் பத்திரிகைகளில் வாசிக்கவில்லை. பல்கலைக்கழகம் எதுவும் அவருக்கு அதைக் கற்றுக்கொடுக்கவில்லை.

கிண்ணந்தான் படத்தின் அச்சாணி. அந்த வீட்டில் எல்லோரும் ஏதோவொன்றை மறைக்கிறார்கள். மகன் கேலப், அப்பிள் தேடிப் போனதாகத் தாய்க்குப் பொய் சொல்கிறான். பிறகு அவன் சாகக் கிடக்கும்போது அவன் வாயிலிருந்தே ஓர் அப்பிள் விழுகிறது. ஞானஸ்நானம் பெறாமற் போன குழந்தை நரகத்துக்கா போயிற்று என்று அவன் கேட்ட கேள்விக்குத் தகப்பனிடம் பதிலில்லை. தாயோ இங்கிலாந்துக்குப் போகவேண்டுமென்று அழுகிறாள். விட்டுவந்த வீட்டுக் கண்ணாடிச் சன்னல்களைத் தோமசின் தம்பிக்கு நினைவூட்டுகிறாள். அந்நிய மண், பொய்த்த விளைச்சல், ஊர் ஏக்கம், பிடிவாதம் பிடித்த தகப்பன். இவ்வளவும் கூடிய வீட்டுக்கு ஒரு குற்றவாளி தேவைப்படுகிறது. நம்மில் யாருக்கும் இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் உண்மையான சிக்கல் இங்குதான் தொடங்குகிறது. இக்கதை நடந்து ஏறத்தாழ அறுபது ஆண்டுகளின் பின், 1692இல், அதே நியூ இங்கிலாந்தின் சேலத்தில் 19 பேர் சூனியக்காரர் என்று தூக்கிலிடப்பட்டார்கள். இன்னொருவர் கல்லேற்றி நசுக்கிக் கொல்லப்பட்டார். அவர்கள் குற்றமற்றவர்கள். அப்படியிருக்க, சூனியக்காரி மெய்யாகவே உண்டென்று காட்டும் படம், தூக்கிலிட்டவர்களின் பக்கம் சாயவில்லையா? கடைசியில் தோமசின் ஆட்டுக்கடாவின் வடிவில் வந்த சாத்தானின் புத்தகத்தில் கையொப்பமிடுகிறாள். சாட்டியவர்கள் சொன்னது சரியாகிவிட்டதல்லவா? சாட்டுதல் என்ன செய்யுமென்று அறிந்த நாம் இக்கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது.

என் வாசிப்பு இதுதான். தோமசின் மீது பழி சுமத்தப்படும்போது அவள் சூனியக்காரியல்ல. நமக்கு அது தெரியும், வீட்டாருக்குத் தெரியாது. தன்னைக் காக்க அவளும் இரட்டையரான தம்பி, தங்கை மீது பழியைத் திருப்புகிறாள். தகப்பன் மூவரையும் ஆட்டுக் கொட்டிலில் அடைக்கிறான். விடிந்தபோது இரட்டையரைக் காணோம். தகப்பனை ஆடு முட்டிக் கொல்கிறது. தன் மேற் பாய்ந்த தாயைத் தோமசினே கொல்ல நேர்கிறது. எல்லாரும் போன பின்பு சாத்தான் அவளுக்குப் பேரரசு எதையும் காட்டவில்லை. வெண்ணெய், நல்லதொரு சட்டை, உலகத்தைப் பார்க்க ஒரு வாய்ப்பு. பட்டினி கிடந்த பெண்ணுக்கு இவை போதும். பெயர் எழுதத் தெரியாது என்கிறாள், கையைப் பிடித்து எழுதிக்கொடுப்பதாக அவன் சொல்கிறான். சாட்டியவர்கள் ஓர் உண்மையைக் கண்டுபிடிக்கவில்லை. அவளுக்கு வேறெந்தக் கதவையும் அவர்கள் மிச்சம் வைக்கவில்லை.

முடிவை இரு தரப்பினரும் கண்டித்தனர். ஒரு சாரார், சூனியக்காரிகளைக் காட்டாமல் ஐயத்தோடு விட்டிருக்கலாம் என்றனர். மறுசாரார், இதை முதலிலிருந்தே காட்டியிருக்கலாம் என்றனர். முதற்சாரார் கேட்பது படித்தவர்களுக்கு வசதியான ஒரு முடிவு. எல்லாம் மனப்பிராந்தி என்றால் நாம் நிம்மதியாக வீடு போகலாம். எகர்ஸ் அந்த வழியை அடைத்துவிடுகிறார். காட்டில் ஆபத்து மெய்யாகவே இருக்கிறது. மெய்யான ஆபத்து, வீட்டுக்குள் நடந்த அநியாயத்தை நியாயமாக்கிவிடாது என்பதையும் அவர் கூடவே வைக்கிறார். இவ்விரண்டையும் ஒருசேரத் தாங்கிக்கொள்வது எளிதல்ல. இதற்கு மாற்றுக் கருத்துள்ள நண்பர்கள் எழுதவேண்டும்.