தண்ணீர் இயந்திரம் வாங்குமுன் தண்ணீரை மாதிரி பாருங்கள்

மளிகைக் கடை வைத்திருக்கும் எல்லோருக்கும் பழக்கமான புகார் ஒன்று உண்டு. "உங்கள் கடைத் துவரம்பருப்பு வேகவே மாட்டேன் என்கிறது. பழைய சரக்கைத் தலையில் கட்டிவிட்டீர்கள்" என்பதுதான் அது. ஆறு ஆண்டுகளுக்கு முன் என்னிடம் சரக்கு எடுக்கும் சில்லறைக் கடைக்காரர் ஒருவர், வாடிக்கையாளர்கள் இப்படிச் சத்தம் போடுவதாகச் சொல்லி, ஒரு மூட்டையைத் திருப்பிக் கொண்டுவந்து இறக்கினார். அதே லாட்டில் நாற்பது மூட்டை பல கடைகளுக்குப் போயிருந்தது. வேறு யாரும் வாய் திறக்கவில்லை.

அந்த மூட்டையிலிருந்து ஒரு கிலோ எடுத்து வீட்டில் கொடுத்தேன். பாதியைத் திண்டுக்கல் மாநகராட்சிக் குழாய்த் தண்ணீரிலும், மீதியை எங்கள் போர் தண்ணீரிலும் வேகவைக்கச் சொன்னேன். குழாய்த் தண்ணீரில் பருப்பு மலர்ந்து வெந்தது. போர் தண்ணீரில் அதே நேரம் கொதித்தும் பருப்பு முழுசு முழுசாகக் கிடந்தது. விசாரித்ததில், புகார் வந்த தெருவில் எல்லா வீட்டிலும் போர் தண்ணீர்தான். குற்றம் பருப்பில் இல்லை, தண்ணீரில் இருந்தது.

அதற்குப் பிறகு தண்ணீர் விஷயத்தில் நான் இரண்டு முறை பணத்தை விட்டேன். நம் சங்க நண்பர்கள் பலர் இப்போது கடைக்கும் வீட்டுக்கும் சாப்ட்னர், ஆர்.ஓ. என்று விலை கேட்டுக்கொண்டிருப்பதால், பட்டதை எழுதுகிறேன்.

கடினத் தண்ணீர் என்பது என்ன?

மழைத் தண்ணீர் மண்ணில் இறங்கிப் பாறை இடுக்குகளில் தங்கும்போது கால்சியம், மக்னீசியம் ஆகிய இரண்டும் அதில் கரைகின்றன. இவை மிகுந்த தண்ணீரைத்தான் கடின நீர் என்கிறார்கள். பருப்பின் உள்ளே இருக்கும் பசைப் பொருளைக் கால்சியம் இறுகப் பிடித்துக்கொள்வதால் பருப்பு வேகத் தாமதமாகிறது. சோப்பு நுரைக்காமல் திரிகிறது. கீசர் கம்பியிலும் டீக்கடை பாய்லரிலும் வெள்ளைச் சுண்ணாம்பு படிந்து, கரண்டும் கேஸும் வீணாகின்றன.

இங்கே இரண்டு கணக்குகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். தண்ணீரில் கரைந்திருக்கும் எல்லா உப்புகளின் மொத்த அளவு டி.டி.எஸ். அதில் கால்சியமும் மக்னீசியமும் மட்டும் எவ்வளவு என்பது கடினத்தன்மை. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் (ஐ.எஸ். 10500) டி.டி.எஸ். லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரையிலும், கடினத்தன்மை 200 மில்லிகிராம் வரையிலும் ஏற்கத்தக்கது என்கிறது. வேறு தண்ணீருக்கு வழியே இல்லாத இடத்தில் முறையே 2000, 600 வரை அனுமதிக்கிறது.

முதல் ஏமாற்றம்

பருப்புச் சோதனை முடிந்த சில நாளில், தோளில் பையோடு ஒரு தம்பி கடைக்கு வந்தார். "அண்ணாச்சி, ஒரு டம்ளர் தண்ணீர் கொடுங்கள், இலவசமாகச் சோதித்துக் காட்டுகிறேன்" என்றார். கடையில் இருந்தது குழாய்த் தண்ணீர். அதில் இரண்டு கம்பிகளை விட்டு கரண்ட் கொடுத்தார். இரண்டே நிமிடத்தில் தண்ணீர் பழுப்பாகிச் சேறு மிதந்தது. அவர் கொண்டுவந்த ஆர்.ஓ. தண்ணீரில் அதே கம்பியை விட்டார். அது தெளிவாகவே இருந்தது. "இந்தச் சேற்றைத்தான் தினமும் குடிக்கிறீர்கள்" என்றார். அன்று மாலையே ஆர்.ஓ. இயந்திரத்துக்குப் பணம் கட்டிவிட்டேன்.

அது வெறும் வித்தை என்று பிறகுதான் தெரிந்தது. உப்புக் கரைந்த எந்தத் தண்ணீரிலும் கரண்ட் ஓடும். அப்போது அந்த இரும்புக் கம்பியே கரைந்து துருச் சேறாக வருகிறது. ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு மிகக் குறைவு, அதனால் கரண்ட் ஓடுவதில்லை. உங்களிடம் யாராவது இப்படிக் காட்டினால், அவருடைய ஆர்.ஓ. தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டு மறுபடி காட்டச் சொல்லுங்கள். அதிலும் சேறு வரும்.

பேனா போன்ற டி.டி.எஸ். மீட்டரும் இதே வகைதான். தண்ணீரில் கரண்ட் எவ்வளவு எளிதாக ஓடுகிறது என்பதை வைத்து ஒரு எண்ணைக் காட்டும். மூட்டையை நிறுத்தால் எடை தெரியும். உள்ளே அரிசியா கல்லா என்று தராசு சொல்லாது. கிருமி இருக்கிறதா, தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் போல புளோரைடு மிகுதியா என்பதெல்லாம் அந்தப் பேனாவுக்குத் தெரியாது.

இரண்டாவது ஏமாற்றம்

ஆர்.ஓ. சமையலறையில் தொங்கியதே தவிர, கீசர் எரிவதும் குழாய் அடைப்பதும் நிற்கவில்லை. ஆகவே வேறொருவரிடம் சாப்ட்னர் வாங்கினேன். அவரும் தண்ணீரைச் சோதிக்கவில்லை. 25 லிட்டர் ரெசின் உள்ள தொட்டியை வைத்து, வீடு முழுவதற்கும், சமையலறைப் போர்க் குழாய் உட்பட, இணைப்புக் கொடுத்தார். "தாராளமாகக் குடிக்கலாம், இனி ஆர்.ஓ. எதற்கு?" என்றும் சொன்னார். அதை நம்பி ஆர்.ஓ.வை நிறுத்தினோம்.

எங்களோடு இருக்கும் அண்ணனுக்கு ரத்தக் கொதிப்பு. உப்பைக் குறைக்கச் சொல்லியிருந்த டாக்டர், "வீட்டில் என்ன தண்ணீர் குடிக்கிறீர்கள்?" என்று கேட்டார். சாப்ட்னர் தண்ணீர் என்றதும், உடனே நிறுத்துங்கள் என்றார். காரணம் இதுதான். சாப்ட்னருக்குள் இருக்கும் ரெசின் மணிகள் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு, அதற்குப் பதிலாகச் சோடியத்தைத் தண்ணீரில் விடுகின்றன. இது ஒரு பண்டமாற்று. 100 மில்லிகிராம் கடினத்தன்மை போனால் 46 மில்லிகிராம் சோடியம் சேரும். டி.டி.எஸ். குறைவதில்லை.

அதன் பிறகே போர் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுத்தேன். டி.டி.எஸ். 1450, கடினத்தன்மை 640 என்று வந்தது. கணக்குப் போட்டால், சாப்ட்னர் மட்டும் லிட்டருக்கு 294 மில்லிகிராம் சோடியம் சேர்த்திருக்கிறது. ஒரு நாளைக்கு மூன்று லிட்டர் குடித்தால் இரண்டு கிராமுக்கு மேல் உப்புத் தின்றது போல. நாள் முழுவதற்கும் ஐந்து கிராமுக்குள் உப்பு இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அண்ணன் சாப்பாட்டில் உப்பைக் குறைத்துக்கொண்டு, தண்ணீரில் குடித்துக்கொண்டிருந்தார்.

குழாய்த் தண்ணீரையும் சோதித்தேன். டி.டி.எஸ். 210, கடினத்தன்மை 110, கிருமி இல்லை. அதற்கு ஆர்.ஓ. தேவையே இருந்திருக்கவில்லை.

எந்த இயந்திரம் எதற்கு?

1. மண் வடிகட்டி: கலங்கல், மணல், துருத் துகளைப் பிடிக்கும். கரைந்த உப்பைத் தொடாது. விலை குறைவு. மற்ற எந்த இயந்திரத்துக்கும் முன்னால் இது இருப்பது நல்லது.

2. கார்பன் வடிகட்டி: குளோரின் வாடையையும் நிறத்தையும் எடுக்கும். கடினத்தன்மை குறையாது. காலத்தில் மாற்றாவிட்டால் அதிலேயே கிருமி வளரும்.

3. யு.வி. விளக்கு: கிருமியைச் செயலிழக்கச் செய்யும். தண்ணீர் தெளிவாக இருந்தால்தான் ஒளி ஊடுருவும். உப்புக் குறைவான குழாய்த் தண்ணீருக்குக் கார்பனும் யு.வி.யும் சேர்ந்த சிறிய இயந்திரமே போதும்.

4. சாப்ட்னர்: குளியல், துணி, கீசர், பாய்லர் ஆகியவற்றுக்கு ஏற்றது. குடிக்கும் குழாயையும் செடிகளுக்கான குழாயையும் இதில் சேர்க்காமல் தனியாகப் பிரித்துவிடுங்கள்.

5. ஆர்.ஓ.: கரைந்த உப்புகளில் பத்தில் ஒன்பது பங்குக்குக் குறையாமல் நீக்கும். புளோரைடையும் குறைக்கும். இந்த மெம்பரேன் முறையை 1959ஆம் ஆண்டு வாக்கில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய இருவரில் ஒருவர் இந்தியாவில் பிறந்த சீனிவாச சௌரிராஜன் என்பது நமக்குப் பெருமை. குறை என்னவென்றால், பெரும்பாலான வீட்டு இயந்திரங்கள் ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் தர, ஏறத்தாழ மூன்று லிட்டரைக் கழிவாக விடுகின்றன. அதைத் தரை கழுவவும் கழிவறைக்கும் பிடித்து வையுங்கள். குடிக்கும் தண்ணீரில் டி.டி.எஸ். 500க்குக் கீழே இருந்து, புளோரைடு போன்ற தனிக் குறையும் இல்லையென்றால், ஆர்.ஓ. வாங்குவது வீண் செலவு.

6. காந்தப் பட்டை: குழாயில் கட்டினால் போதும் என்று விற்கிறார்கள். இது கால்சியத்தை நீக்குவதில்லை. இதில் பணம் போடுவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

சாப்ட்னர் அளவு பார்க்கும் கணக்கு

ஒரு லிட்டர் ரெசின், ஒரு முறை உப்பு ஏற்றினால், ஏறத்தாழ 45 கிராம் கடினப் பொருளைப் பிடிக்கும். 25 லிட்டர் ரெசின் என்றால் 1125 கிராம். எங்கள் தண்ணீரில் லிட்டருக்கு 0.64 கிராம். வகுத்தால் சுமார் 1750 லிட்டர். எங்கள் செலவு நாளுக்கு ஆயிரம் லிட்டர். ஆக, இரண்டு நாள்கூடத் தாங்காது. ஒவ்வொரு முறையும் இரண்டரை முதல் மூன்று கிலோ உப்பு வேண்டும். கடினத்தன்மை 300 ஆக இருந்தால் அதே தொட்டி 3750 லிட்டருக்கு வந்திருக்கும். தொட்டியின் உயரத்தைப் பார்க்காதீர்கள். உள்ளே எத்தனை லிட்டர் ரெசின் என்று கேட்டுப் பில்லில் எழுதி வாங்குங்கள். மெம்பரேன், கார்பன் மாற்றும் செலவையும் முன்கூட்டியே கேளுங்கள்.

கடைக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை

சாப்ட்னருக்கு அயோடின் சேர்க்காத சாதாரணக் கல் உப்பு போதும். இப்போது வாடிக்கையாளர்கள் நம் கடைகளிலேயே இதைக் கேட்கிறார்கள். நேரடியாக உண்பதற்கு அயோடின் இல்லாத உப்பை விற்பது 2006 மே மாதம் முதல் தடை செய்யப்பட்டது. 2011ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு விதிகளிலும் அது இருக்கிறது. தொழில் உபயோகம் போன்ற பிற தேவைகளுக்கு, உரிய லேபிள் அறிவிப்போடுதான் விற்கலாம். ஆகவே அந்த மூட்டையைத் தனியாக அடுக்கி, உபயோகம் எழுதிய லேபிள் இருக்கிறதா என்று பார்த்து விற்பனை செய்யுங்கள். சமையல் உப்போடு கலந்து வைத்தால் வாடிக்கையாளருக்கும் கெடுதல், நமக்கும் வழக்கு.

முதலில் செய்ய வேண்டியது

தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைக் கூடங்களில் கட்டணம் கட்டித் தண்ணீரைச் சோதிக்கலாம். மோட்டாரைச் சிறிது நேரம் ஓடவிட்டுச் சுத்தமான பாட்டிலில் பிடியுங்கள். கிருமிப் பரிசோதனைக்கு அவர்கள் தரும் பாட்டிலையே வாங்கிக்கொள்ளுங்கள். டி.டி.எஸ்., கடினத்தன்மை, இரும்பு, புளோரைடு, நைட்ரேட், கிருமி ஆகிய ஆறையும் கேட்டு எழுதி வாங்குங்கள். குடிக்கும் தண்ணீரையும் புழங்கும் தண்ணீரையும் தனித்தனியே கொடுங்கள்.

இப்போது எங்கள் வீட்டில் குடிக்கவும் சமைக்கவும் குழாய்த் தண்ணீர், குளிக்கவும் துவைக்கவும் பெரிய சாப்ட்னர் என்று ஏற்பாடு செய்துவிட்டோம். ஆர்.ஓ. கோடையில் குழாய்த் தண்ணீர் வராத நாளுக்கு மட்டும். குத்தூசி போட்டு மாதிரி பார்க்காமல் நாம் ஒரு மூட்டை மிளகாய்கூட எடுப்பதில்லை. தினமும் வயிற்றுக்குப் போகும் தண்ணீருக்கு நான் மாதிரி பார்க்காமல் விலை பேசினேன். நீங்களும் அதே தவறைச் செய்ய வேண்டாம் என்பதே என் வேண்டுகோள்.

இன்னொன்று. பருப்பு வேகவில்லை என்று யாராவது வந்தால் சண்டைக்குப் போகாதீர்கள். "அம்மா, இன்றைக்கு ஒரு நாள் குழாய்த் தண்ணீரில் வேகவைத்துப் பாருங்கள்" என்று சொல்லி அனுப்புங்கள். அதிலும் வேகாவிட்டால் மட்டும் சரக்கைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள்.